சிக்கனத்தின் சரித்திரம்

சரித்திரம் என்றதும் எமது மாணவரின் மனத்தில் முதலில் எழுவன மன்னரின் பெயர்களும் போர்களின் ஆண்டுகளுமே. போர்த்துக்கேயர் 1619ஆம் ஆண்டில் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றியதையும், ஒல்லாந்தர் 1658ஆம் ஆண்டில் அவர்களை விரட்டியதையும் ஏழாம் வகுப்புப் பிள்ளை தடையின்றி ஒப்புவிக்கும். அதே பிள்ளையின் பாட்டி, ஏழெட்டுப் பிள்ளைகள் பிறந்து வளர்ந்த வீட்டிலே, ஒரு கொத்து அரிசியை எத்தனை வாய்க்குப் பங்கிட்டாள் என்பதை எந்தப் பாடப்புத்தகமும் கேட்பதில்லை. ஒல்லாந்தர் புங்குடுதீவுக்குத் தம் நாட்டு நகரொன்றின் பெயரைச் சூட்டி மிடில்பேர்க் என்றழைத்தனர். அப்பெயர் பழைய தேசப்படங்களில் மட்டும் எஞ்சியிருக்கிறது. ஓலையைப் பின்னி, மாவை இடித்து, உப்புக் கிணற்றுக்கும் நன்னீர்க் கிணற்றுக்குமிடையே குடம் சுமந்து அத்தீவை மனிதர் வாழும் இடமாக வைத்திருந்தவர்களின் பெயர்களோ எங்கும் எழுதப்படவில்லை.

வேலணையையும் புங்குடுதீவையும் இணைக்கும் வாணர் பாலத்தைக் கடந்து வருவோரை முதலில் எதிர்கொள்ளும் பகுதிகளுள் ஒன்று மடத்துவெளி. மடமும் வெளியும் பெயரிலேயே அமைந்த ஊர் அது. அவ்வூரின் ஒரு சாதாரண முற்றத்தை நடுவாகக் கொண்டு, சிக்கனம் என்று நாம் போற்றும் பண்பு எவ்வாறு உருவாயிற்று, அதன் விலையை யார் கொடுத்தனர் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கிணற்றடி

தீவகத்துச் சிக்கனம் அடுக்களையில் அன்று, கிணற்றடியிலேயே தொடங்குகிறது. இத்தீவுகளில் ஆறில்லை, மலையில்லை. வடகீழ்ப் பருவ மழை ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்து, சுண்ணாம்புக் கல்லினூடே கசிந்து, நிலத்தடியில் உள்ள கடல்நீரின்மீது ஒரு மெல்லிய நன்னீர்ப் படையாக மிதக்கிறது. நன்னீர் உப்புநீரிலும் இலேசானது. நிலத்தடி நன்னீரின் மட்டம் கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நின்றால் அதன் கீழே ஏறத்தாழ நாற்பதடி ஆழத்துக்கு நன்னீர் நிற்கும் என்பது விஞ்ஞானிகளின் கணக்கு. இக்கணக்கின் மறுபக்கம் கொடியது. மேல்மட்டம் ஓரடி தாழ, கீழேயிருந்து உப்புநீர் நாற்பதடி ஏறிவருகிறது. அளவுக்கு மிஞ்சி அள்ளிய கிணறு உவர்ந்துபோவது இதனாலேயே.

இந்த விதியைப் புத்தகத்திற் படியாத மக்கள் அனுபவத்தால் அறிந்திருந்தனர். துலாவும் பட்டையுமாக இறைத்த காலத்தில் மனித உடலின் சோர்வே கிணற்றுக்குக் காவலாக இருந்தது. குளித்த நீர் வாழைக்குப் போயிற்று. அரிசி கழுவிய நீர் மாட்டுக்குப் போயிற்று. பாத்திரம் துலக்கச் சாம்பலும் பொச்சும் போதுமாயிருந்தன. நல்ல தண்ணீர்க் குடத்தைப் பிள்ளைகள் தொடாதபடி உயரத்தில் வைத்துச் சிரட்டை அகப்பையால் அளந்து வார்த்தனர். ஒரு பொருளை மூன்று முறை பயன்படுத்தும் வழக்கத்தைத் தீவகத்துப் பெண்ணுக்குக் கற்பித்த முதல் ஆசான் நீரே.

எனினும் கிணறு எல்லோர்க்கும் ஒன்றாக இருந்ததில்லை என்பதை நாம் மறைத்தல் ஆகாது. நன்னீர்க் கிணறு இருந்த இடத்திலெல்லாம் அதைச் சுற்றிச் சாதியின் வேலியும் இருந்தது. தாழ்த்தப்பட்டோர் எனப்பட்ட மக்கள் கிணற்றடியில் காத்து நின்று, பிறர் அள்ளி ஊற்றியதை வாங்கிச் சென்றனர். பொது இடங்களிற் சாதித்தடை விதிப்பதைக் குற்றமாக்கும் சட்டம் 1957ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. கிணற்றடிக்கு அச்சட்டம் வந்து சேரவில்லை. 1971ஆம் ஆண்டில் புங்குடுதீவுக் கண்ணகை அம்மன் கோவிலின் நன்னீர்க் கிணற்றில் ஒடுக்கப்பட்ட மக்கள் நீரள்ளும் உரிமைக்காகப் போராட்டம் எழுந்தது. அத்தீவைச் சேர்ந்த எழுத்தாளர் மு. தளையசிங்கம் அதில் முன்னின்றார்; பொலிசாரின் தாக்குதலுக்கும் ஆளானார். 1973ஆம் ஆண்டு ஏப்ரலில் அவர் மறைந்தார். ‘ஏழாண்டு இலக்கிய வளர்ச்சி’ எழுதிய தளையசிங்கத்துக்கும் முற்போக்கு எழுத்தாளருக்குமிடையே இருந்த தத்துவப் பகை யாவரும் அறிந்ததே. ஆயினும் அக்கிணற்றடியில் அவர் நின்ற பக்கமே எமது பக்கமும் என்பதை இன்று தயக்கமின்றிச் சொல்லலாம். உரிமையுள்ள வீட்டுப் பெண் நீரைச் சிக்கனமாகச் செலவிட்டால் அதற்குப் பெயர் பண்பு. உரிமையற்ற வீட்டுப் பெண் அரைக்குடத்தோடு ஒரு நாளை ஓட்டினால் அதற்குப் பெயர் கொடுமை. இரண்டையும் ஒரே சொல்லால் அழைப்பது பொய்யாகும்.

பனையின் கீழ்

பனைக்கு 801 பயன்கள் உண்டெனத் ‘தாலவிலாசம்’ என்னும் தமிழ் நூல் பட்டியலிட்டதாகச் சொல்வர். மேடைகளில் இவ்வெண்ணைக் கேட்டுக் கைதட்டாத யாழ்ப்பாணத்தவர் இல்லை. அப்பட்டியலின் ஒரு சிறு பகுதியையேனும் முற்றத்தில் வைத்துப் பார்ப்போம்.

ஓர் ஓலையின் வாழ்வை எடுத்துக்கொள்வோம். சார்வோலை பாயாகவும், கடகமாகவும், சுளகாகவும், பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டியாகவும் ஆகிறது. முற்றிய ஓலை கூரைக்கும் வேலிக்கும் செல்கிறது. மழையிலும் வெயிலிலும் உக்கிய வேலியோலையைக் கழற்றி எறிவார் எவருமில்லை. அது தோட்டத்து மண்ணிலே தாழ்க்கப்பட்டு அடுத்த பயிருக்கு உரமாகிறது. ஈர்க்கு விளக்குமாறாகும். மட்டையிலிருந்து நார் வரும். பன்னாடை வடியாகும். கங்குமட்டையும் காவோலையும் அடுப்புக்கு. வேலிக்கு நட்ட பூவரசும் கிளுவையும் ஆட்டுக்குக் குழையாக, ஆடு பிள்ளைக்குப் பாலாகிறது. கல்லே அதிகமாயும் மரமே அரிதாயும் உள்ள நெடுந்தீவிலே இதே அறிவு வேறு வடிவெடுத்தது. அங்கே கடற்கற்களை அடுக்கி, சாந்தில்லாமலே மதில் கட்டினர்.

உணவிலும் அவ்வாறே. ஆவணி புரட்டாதியிற் பழம் விழும். பழத்தைப் பிசைந்த களியைப் பாயிற் பரப்பி, ஒரு படை காய்ந்தபின் அதன்மேல் மறு படையை ஊற்றிக் காயவைத்தாற் பனாட்டு. எஞ்சிய விதையைப் பாத்தியில் அடுக்கி மண்ணிட்டால் தை மாசியிற் கிழங்கு. கிழங்கைப் பச்சையாகக் கிழித்துக் காயவிட்டால் ஒடியல். அவித்துக் காயவிட்டாற் புழுக்கொடியல். கிழங்கு போன பின்னர் எஞ்சும் ஊமலும் எரிபொருளே. ஒடியல் மாவின் கைப்பை நீரில் ஊறவைத்துப் போக்கி, வலையிற் கழிந்த சிறு மீனும் நண்டும், வேலியிற் பறித்த பயற்றங்காயும், மரவள்ளியும், பலாக்கொட்டையும் சேர்த்துக் காய்ச்சிய கூழை, பலாவிலையைக் கோலிக் குடித்தது ஒரு பெரிய குடும்பம். ஒரு பானையில் எதைப் போட்டாலும் தாங்குவது கூழ். பிள்ளைகள் பெருகிய வீட்டின் உணவு அது. இன்று விருந்துகளில் அதனைச் சுவைக்கும் நாம், அது பஞ்சத்தின் கண்டுபிடிப்பு என்பதை மறந்துவிடுகிறோம்.

ஆனால் 801 பயன்களை எண்ணியவர் ஒன்றை எண்ணவில்லை. ஒவ்வொரு பயனுக்கும் எத்தனை நாழிகை உழைப்பு வேண்டும் என்பதே அது. மரமேறி ஓலை வெட்டியவனும் கள்ளிறக்கியவனும் எவன்? அவனுக்குக் கிடைத்த கூலி எவ்வளவு, கோவிலில் அவன் நின்ற தூரம் எவ்வளவு? ஓலையை வார்ந்து, பதமாக்கி, இரவு விளக்கொளியில் பாய் பின்னியவளுக்குக் கிடைத்தது என்ன? ‘செலவில்லாமற் கிடைத்த பொருள்’ என்று நாம் பெருமையோடு சொல்லும்போது, காசு செலவாகவில்லை என்பதே உண்மை. மனித ஆயுள் செலவாயிற்று. 1970களிற் பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றியதும், 1978ஆம் ஆண்டிற் பனை அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டதும் இவ்வுழைப்புக்கு விலையொன்று உண்டென்பதைக் காலம் தாழ்த்தியேனும் ஒப்புக்கொண்ட நிகழ்ச்சிகளாகும்.

காசுக்கட்டளையும் கல்வீடும்

தீவகத்து மண் தன் மக்கள் எல்லோரையும் வைத்துக் காப்பாற்றவில்லை. புங்குடுதீவின் ஆடவர் பெருந்தொகையாகக் கொழும்புக்கும் தென்னிலங்கைப் பட்டினங்களுக்கும் சென்றனர். சிலர் கடை முதலாளிகளாயினர். அதிகமானோர் சுருட்டுக் கடைகளிலும் சாப்பாட்டுக் கடைகளிலும் சிப்பந்திகளாக உழைத்து, கடையிலேயே உண்டு, கடையின் வாங்கிலேயே உறங்கினர். ஊரிலிருந்த மனைவிக்கு மாதமொருமுறை காசுக்கட்டளை வந்தது.

இந்த ஏற்பாட்டின் பொருளாதாரத்தைச் சற்று நின்று கவனித்தல் வேண்டும். பட்டினத்துக் கடைச் சிப்பந்தியின் சம்பளம் ஒரு குடும்பம் முழுவதையும் தாங்கப் போதுமானதன்று. அது போதுமானதாகக் காட்டப்பட்டமைக்குக் காரணம், ஊரிலே ஒருத்தி ஆடு வளர்த்து, ஒடியல் இடித்து, கோழி அடைவைத்து, வேலி அடைத்து, மீதத்தைச் சமாளித்தமையே. அவளுடைய சிக்கனம் அவனுடைய குறைந்த கூலிக்கு முட்டுக்கொடுத்தது. ஒரு குடும்பத்தின் பண்பாகத் தோன்றியது உண்மையில் ஒரு வாணிபத்தின் இலாபமாகவும் இருந்தது. வீட்டு வேலை சமூகத்தின் பொது உற்பத்தியிலிருந்து பிரிக்கப்பட்டுத் தனியார் சேவையாகச் சுருங்கியபோதே பெண்ணின் உழைப்பு கண்ணுக்குத் தெரியாமற் போயிற்று என எங்கெல்ஸ் 1884ஆம் ஆண்டில் எழுதினார். மடத்துவெளி முற்றம் அதற்கு நல்ல சான்று.

குடும்பம் வளர வளர அவளுடைய கைத்தொழிலும் வளர்ந்தது. பழைய சேலை ஏணையாயிற்று. மூத்தவனின் சட்டை இளையவனுக்கு இறங்கிற்று. வளரும் பெண்பிள்ளையின் பாவாடையை அகலமாக மடித்துத் தைத்து, ஆண்டுதோறும் ஒரு மடிப்பை அவிழ்த்து நீளமாக்கினாள். மா வந்த சாக்கைப் பிரித்துத் தோய்த்துத் தலையணை உறையாக்கினாள். மண்சுவரும் ஓலைக் கூரையுமாயிருந்த வீட்டுக்கு ஒரு பத்தி இறக்குவதும், சாணியால் நிலம் மெழுகுவதும், அடுப்பைக் களிமண்ணாற் போடுவதும் அவள் கையாலேயே நடந்தன.

இவ்வளவு மிச்சமும் எங்கே சேர்ந்தது? சீட்டுக்காசாகவும் நகையாகவும் திரண்டு, ஈற்றில் ஒவ்வொரு மகளுக்கும் ஒரு வீடாக, சீதனமாகச் சேர்ந்தது. பிள்ளையின் வாயில் விழவேண்டிய முட்டை சந்தைக்குப் போய்ச் சீதன வீட்டின் கல்லாயிற்று. அவ்வீட்டின்மீதாயினும் பெண்ணுக்கு முழு உரிமை இருந்ததா? ஒல்லாந்தர் 1707ஆம் ஆண்டிற் சட்டமாக்கிய தேசவழமையும், அதன் வழிவந்த 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமும், தன் பெயரிலுள்ள காணியையோ வீட்டையோ கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றி விற்கும் உரிமையை மனைவிக்கு வழங்கவில்லை. இரு தலைமுறைப் பெண்களின் வயிற்றைக் கட்டிக் கட்டிய வீட்டுக்கு அவள் உரித்தாளி. ஆனால் அதிகாரி அல்லள்.

மனையியலைக் கற்பித்தோர்

சிக்கனமான இல்லறம் ஒரு கல்வியாக எமது நாட்டுக்கு வந்த வரலாறும் அறியத்தக்கது. கனடாவிற் பிறந்து, இலங்கைத் தமிழரொருவரை மணந்து இங்கே வாழ்ந்த மருத்துவர் மேரி இரத்தினம் 1930ஆம் ஆண்டில் லங்கா மகிள சமிதியைத் தொடக்கினார். கனடாவின் ஒன்ராரியோ மாகாணத்தில் 1897ஆம் ஆண்டிற் பிறந்த கிராமிய மாதர் சங்கங்களே அதற்கு முன்மாதிரி. கிராமத்துப் பெண்கள் கூடிச் சுகாதாரமும் போசாக்கும் தையலும் தோட்டமும் பயின்றனர். 1958ஆம் ஆண்டில் அவருக்கு மக்சேசே விருது கிடைத்தது. அவர் அடுக்களையோடு நின்றுவிடவில்லை. 1927ஆம் ஆண்டிற் பெண்களின் வாக்குரிமைக்காகச் சங்கம் அமைத்தோருள் அவரும் ஒருவர். சாம்பாரை எப்படிச் சத்துள்ளதாக ஆக்குவது என்று கற்பித்த கைதான் வாக்குச்சீட்டையும் கேட்டது. இவ்விணைப்பை எமது மனையியற் பாடம் பின்னாளில் இழந்துவிட்டது. தையற் பயிற்சி நின்றது; வாக்குரிமைப் பயிற்சி கழன்றுபோயிற்று.

உலகிலும் இவ்விரு போக்குகளைக் காண்கிறோம். 1926ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பிராங்பேட் நகரத் தொழிலாளர் குடியிருப்புகளுக்காகச் சிறிய, கைக்கெட்டிய சமையலறையொன்றை வகுத்தார் மார்கரெட்டே ஷூட்டே-லிஹொட்ஸ்கி. பின்னர் நாசிகளுக்கெதிராகப் போராடிச் சிறைசென்ற பொதுவுடைமைவாதி அவர். சிக்கனப்பட வேண்டியது பெண்ணின் அடிகளும் மணித்தியாலங்களுமே என்பது அவரது கருத்து. 1943ஆம் ஆண்டில் பிரித்தானிய அரசு பழந்துணியைத் தைத்து ஒப்பேற்றும் முறைகளைக் கைந்நூலாக அச்சிட்டு வழங்கிற்று. அங்கே சிக்கனப்பட வேண்டியது பொருள். பெண்ணின் நேரம் கணக்கில் வரவில்லை. அதே யுத்தத்தில், 1942ஆம் ஆண்டில் பர்மா வீழ்ந்து அரிசி வரவு நின்றபோது, இலங்கையிலும் கூப்பன் முறை வந்தது. யுத்தம் முடிந்தபின்னும் கூப்பன் நிலைத்தது. 1953ஆம் ஆண்டில் கூப்பன் அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டு, பாடசாலைப் பிள்ளைகளின் மதிய உணவும் நிறுத்தப்பட்டபோது, சிக்கனம் செய்யுங்கள் என்ற உபதேசத்தை மக்கள் ஏற்கவில்லை. ஓகஸ்ட் 12ஆம் நாள் ஹர்த்தாலில் நாடு எழுந்தது. சில மாதங்களிற் பிரதமர் பதவி துறந்தார். அடுக்களைக் கணக்கு அரசியற் கணக்கானதற்கு இதனிலும் தெளிவான எடுத்துக்காட்டு எமது வரலாற்றில் இல்லை.

தடையின் காலம்

1958, 1977, 1983ஆம் ஆண்டுகளின் இனக்கலவரங்கள் தென்னிலங்கையிற் கடை வைத்திருந்த தீவக மக்களின் வாழ்வைத் திரும்பத் திரும்ப எரித்தன. காசுக்கட்டளை நின்றது. 1990ஆம் ஆண்டு யூனிற் போர் மீண்டும் மூண்டது. மின்சாரம் அறுந்தது. மண்ணெண்ணெய், பெற்றோல், மின்கலம், சவர்க்காரம், மெழுகுதிரி, உரம் எனப் பொருட்கள் வடக்கே செல்வது தடுக்கப்பட்டது. அல்லது மிகக் குறைந்த அளவிற்கே விடப்பட்டது. 1991ஆம் ஆண்டு ஒக்டோபரில் இராணுவம் புங்குடுதீவுக்குள் வந்தபோது மடத்துவெளியும் தீவின் ஏனைய ஊர்களும் வெறுமையாயின. மக்கள் குடாநாட்டில் உறவினர் வீடுகளிலும் பாடசாலைகளிலும் ஒதுங்கினர். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமமே பெயர்ந்தபோது, அவர்கள் மறுமுறையும் பெயர்ந்தனர்.

அந்த ஐந்தாண்டுகளில் யாழ்ப்பாணத்து வீடுகளில் நிகழ்ந்தவற்றைச் சிக்கனம் என்ற சொல் தாங்காது. ஜாம் போத்தலின் அடியிற் பஞ்சை வைத்துச் சில துளி மண்ணெண்ணெயை ஊற்றி, சிறு குழாயில் மெல்லிய திரியைக் கோத்து ஒரு விளக்குச் செய்தனர். போத்தலின் கண்ணாடியே காற்றுக்கு மறைப்பு. மணிச்சுடர் போன்ற அவ்வொளியில் ஒரு தலைமுறை பரீட்சைக்குப் படித்தது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் மிதிசுழற்ற, டைனமோவின் மின்னில் வானொலிச் செய்தி கேட்டனர். மோட்டார்ச் சைக்கிளைச் சில துளி பெற்றோலில் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டினர். சவர்க்காரம் அற்ற வீட்டிற் பனம்பழக் களியாற் துணி தோய்த்தனர். சீனி இல்லாத தேநீரைப் பனங்கட்டியைக் கடித்துக் குடித்தனர். செய்தித்தாள்கள் கோடிட்ட அப்பியாசக் கொப்பித் தாளிலும் அச்சாயின.

இக்கதைகளை இன்று நாம் சிரிப்போடும் பெருமிதத்தோடும் சொல்கிறோம். பெருமிதம் நியாயமானதே. பனைக்கும் கிணற்றுக்கும் பழகிய கைகளே அந்த விளக்கையும் செய்தன என்பதில் ஐயமில்லை. ஆனால் மருந்தின்றி இறந்த நோயாளிக்கு மாற்றுக் கண்டுபிடிக்க எந்தக் கைத்திறனாலும் முடியவில்லை. மக்களின் ஆற்றலைப் புகழும்போது, அவ்வாற்றலைத் தேவையாக்கிய கொடுமையை மன்னித்துவிடக் கூடாது.

இன்றைய முற்றம்

மடத்துவெளியிலும் தீவின் ஏனைய ஊர்களிலும் இன்று பல வீடுகளின் உரித்தாளர் கனடாவிலும் பிரான்சிலும் சுவிற்சர்லாந்திலும் வாழ்கின்றனர். சீதனமாக எழுந்த கல்வீடுகள் பல பூட்டிக்கிடக்கின்றன. சில கூரையின்றி ஆலமரம் பிளக்க நிற்கின்றன. வேலியிருந்த இடத்தில் மதில் எழுந்தது. துலா போன இடத்தில் மின்பம்பி வந்தது. பம்பிக்குக் களைப்பில்லை, ஆகவே கிணற்றுக்குப் பழைய காவலும் இல்லை.

2022ஆம் ஆண்டில் நாடு கடன்கட்ட முடியாமல் நின்றது. எரிவாயு இல்லை, எரிபொருளுக்கு நாட்கணக்கில் வரிசை. செப்தெம்பரிற் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் நூற்றுக்கு 94.9 ஆயிற்று. வீட்டுத் தோட்டம் செய்யுங்கள், ஒரு வேளையைக் குறையுங்கள், விறகடுப்புக்குத் திரும்புங்கள் என்ற அறிவுரைகள் எத்திசையிலிருந்தும் வந்தன. கடன் வாங்கியவர் வேறு. வரிச்சலுகை பெற்றவர் வேறு. வயிற்றைச் சுருக்கச் சொல்லப்பட்டவள் மட்டும் 1942ஆம் ஆண்டில் நின்ற அதே பெண். கைகள் மறந்திருந்த அடுப்பை அவள் மீண்டும் மூட்டினாள். புகை அவள் கண்ணுக்கே போயிற்று.

சிக்கனத்தை நாம் பழிக்கவில்லை. நீரை மூன்று முறை பயன்படுத்திய அறிவும், ஓலையை மண்ணுக்குத் திருப்பிய ஒழுங்கும் எதிர்காலத்துக்கு வேண்டியவை. கடல் உயரும் காலத்திலே தீவகத்துக் கிணறுகளுக்கு அவ்வறிவைவிட நல்ல காப்பு இல்லை. ஆனால் அவ்வறிவு பொதுச்சொத்தாகவேண்டும்; ஒரு பெண்ணின் முதுகிலே கட்டப்பட்ட மூட்டையாக இருத்தலாகாது. பொதுக் கிணறும், மழைநீர்த் தொட்டியும், கூட்டுறவு ஆலையும், பாடசாலையிற் சூடான மதிய உணவும் உள்ள ஊரிலே சிக்கனம் மக்கள் தாமே தேர்ந்த வாழ்க்கை முறையாகும். அவையில்லாத ஊரில் அது வறுமைக்கு இட்ட மறுபெயர்.

ஆசிரிய நண்பர்களிடம் நாம் வேண்டுவது ஒன்று உண்டு. அடுத்த விடுமுறையில் உங்கள் மாணவரை வீட்டிலுள்ள முதியோரிடம் அனுப்புங்கள். எத்தனை பிள்ளைகள், எத்தனை கொத்து அரிசி, நல்ல தண்ணீருக்கு எவ்வளவு தூரம், யார் கிணற்றில் அள்ளினார்கள், யார் அள்ள விடப்படவில்லை, ஒரு பாய்க்கு எத்தனை நாள் என்று கேட்டு எழுதி வரட்டும். மிடில்பேர்க் என்ற பெயரை மனனம் செய்த பிள்ளை, தன் பாட்டியின் நாளொன்றில் எத்தனை மணித்தியால உழைப்பு இருந்தது என்பதையும் அறியட்டும். அக்கணக்குகள் சேர்ந்தால், புங்குடுதீவின் சரித்திரத்துக்கு முதல் அத்தியாயம் கிடைத்துவிடும்.